சிறு பொதியும் நாட்கூலியும்

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தையொட்டி நமது பாடசாலைகளில் கட்டுரைப் போட்டிகள் நடைபெறுகின்றன. அக்கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் ஒன்றை அறிவர். எழுதும் மாணவர் யாவராயினும், அவர் எந்தப் பாடசாலையினராயினும், கட்டுரையின் நடுவே ஒரே வாக்கியம் தவறாது வந்து நிற்கும்: மக்கள் கண்ட இடமெல்லாம் குப்பையை வீசுகின்றனர். இவ்வாக்கியத்தின் பயனிலையில் பிழையில்லை, செயப்படுபொருளிலும் பிழையில்லை. அதன் எழுவாயைப் பற்றியே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம். குப்பையின் கதைக்கு எழுவாயாக நிற்க வேண்டியவர் யார்? வெறும் பொதியை இறுதியிற் கைநழுவ விட்டவரா? ஒரு தடவைக்குப் பின் எவருக்கும் எதற்கும் உதவாத பொதியை முதலிற் செய்து விற்றவரா?

இலக்கிய ஏடொன்றில் குப்பையைப் பற்றிய விசாரணை எதற்கு என்று சிலர் வினவலாம். சொற்கள் யாருக்கு ஊழியம் செய்கின்றன என்று கேட்பது விமர்சனத்தின் தொழில். சிறுகதையொன்றில் வரும் சொல்லைக் கேட்பது போலவே, வர்த்தமானி அறிவித்தலில் வரும் சொல்லையும், பக்கற்றின் முதுகில் அச்சிடப்பட்ட அறிவுரையையும் நாம் கேட்டாக வேண்டும். அவை சிறுகதையிலும் பன்மடங்கு அதிகமானோரின் வாழ்வைத் தொடுபவை.

கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண் திறந்து நடப்போர்க்கு விடயம் விளங்கும். குட்செட் பஸ் நிலையத்தின் ஓரங்களில், வாவியிலிருந்து புறப்பட்டு நகரின் ஊடே ஓடி மகாவலியிற் சேரும் மெத எலயின் கரைகளில், உடவத்தகெலே வனத்தின் விளிம்பில், ஹந்தானை மலைத்தோட்ட லயன்களின் பின்னாலுள்ள கான்களில் கிடப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருவர் ஒரு தடவை கலக்கும் பால்மாவின் பக்கற், ஒரு கோப்பைக்கு அளந்த கோப்பியும் சீனியும் பால்மாவும் கலந்த உறை, நூடில்ஸின் உள்ளிருந்து வரும் மசாலாச் சிற்றுறை, யோகட் கிண்ணம், பழரசப் பெட்டி, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். நம் நகரக் குப்பையில் எடையாற் பெரும்பகுதி மக்கிப் போகும் காய்கறிக் கழிவும் சோற்றுக் கழிவுமே. ஆனால் மக்காது எஞ்சி நிற்பதும், கானை அடைப்பதும், எரித்தால் நச்சுப் புகையாவதும், ஆற்றோடு போவதும் இந்தச் சிறு பொதிகளே.

இச்சிறு பொதியை ஏழையின் வசதி என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். ஏழையின் ஒழுங்கீனம் என்று மற்றொரு சாரார் தூற்றுகின்றனர். இவ்விரு கூற்றும் ஒரே உண்மையை மறைக்கின்றன என்பது நமது கருத்து. நாட்கூலி, பெருமுதலைச் சந்திக்கும் இடத்திற் பிறந்த உருவமே சிறு பொதி. மாதச் சம்பளக்காரனுக்கு மாதப் பொருள், நாட்கூலிக்காரனுக்கு நாட்பொருள். இலாபத்தின் பங்கு ஒரு பக்கம் போகிறது. கழிவின் பங்கு முழுவதும் மறுபக்கத்துக்கு வந்து சேர்கிறது.

சிறிதாக வாங்குவது நம் மக்களுக்குப் புதிய பழக்கமன்று. ஒரு சதத்துக்குக் கடலை வாங்கிய தலைமுறையை நாம் அறிவோம். பழைய அப்பியாசக் கொப்பியின் தாளைச் சுருட்டிய கூம்பில் அக்கடலை வந்தது. இன்றும் சில இடங்களில் வருகிறது. தயிர் மண்சட்டியில் வந்தது. சோறு வாழையிலையில் வந்தது. கருப்பட்டி ஓலையில் வந்தது. எண்ணெய்க்கு வீட்டிலிருந்து போத்தல் போயிற்று. சிறிய அளவு இருந்தது. அதற்கென்று தனிக்குப்பை இருக்கவில்லை. இதைச் சொல்லுவதால் பழைய கடையைப் பொற்காலமாக்கிக் காட்ட நாம் முனையவில்லை. தோட்டத்துக் கங்காணியின் கடையிற் பற்றெழுதிய கணக்கு தொழிலாளியை எவ்வாறு கட்டிப்போட்டது என்பதை மலையக வரலாறு அறியும். கடன் சுமையைத் தொழிலாளியோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நிறுவையிலே கள்ளமும், மிளகாய்த் தூளிலே கலப்படமும் இருந்தன. எனவே உறையிட்ட பொதியில் மக்கள் நம்பிக்கை வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு வந்தது எது என்பதே கேள்வி.

சஷே எனப்படும் இச்சிறு பொதியின் சரித்திரத்தில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய சிறு உறைகளிற் பண்டங்களை அடைத்து விற்கும் முறையை முன்னோடியாகச் செய்து பார்த்தவர். அவருடைய மக்கள் அதைப் பெருந்தொழிலாக்கினர். அவர்களுள் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் ஷாம்பு உறை தென்னிந்தியக் கிராமங்கள் எங்கும் பரவியது. பெரிய அந்நியக் கம்பெனிகள் இதைக் கண்டு விழித்துக்கொண்டன. பின்பு இதற்கு ஒரு தத்துவமும் பிறந்தது. கோயம்புத்தூரிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராக விளங்கிய சி. கே. பிரகலாத், 2004இல் வெளியிட்ட நூலொன்றில், உலகப் பிரமிட்டின் அடித்தளத்திலுள்ள கோடிக்கணக்கான ஏழைகளிடம் ஒரு பெருஞ்செல்வம் இருக்கிறது என்றார். ஏழையை இரக்கத்துக்குரியவராகப் பாராமல் வாடிக்கையாளராகப் பாருங்கள்; அவர் கையிலுள்ள காசுக்கு ஏற்றவாறு பொருளைச் சிறிதாக்குங்கள்; அவருக்கு மதிப்பும் கிடைக்கும், உங்களுக்கு இலாபமும் கிடைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தில் ஒரு மனிதாபிமானம் இருக்கிறது. அதனை நாம் மறுக்கவில்லை. ஏழைக்கும் நல்ல பொருளை நுகரும் உரிமை உண்டு என்பது சரியான கூற்று. பொதிக் கழிவு என்னும் சிக்கலை அவர் அறியாதவரும் அல்லர். ஆயினும் அவ்வாதத்தின் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது: கூலி மாறாது, ஆகவே பொதி மாறட்டும். நாளொன்றுக்கு ஏன் இவ்வளவுதான் கிடைக்கிறது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அந்த அளவுக்குள் எதை விற்கலாம் என்ற கேள்வி விடையோடு வந்துவிடுகிறது. வறுமை தீர்க்கப்பட வேண்டிய நிலைமையாகத் தோன்றாமல், அளந்து விற்பதற்குரிய சந்தையாகத் தோன்றுகிறது.

நம் கண்முன்னேயுள்ள உதாரணத்தைப் பார்ப்போம். பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இலேதான் வர்த்தமானியில் வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் வந்த தொகை அது. அடுத்த ஆண்டு, 2022 மார்ச்சில், 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 790 ரூபா ஆயிற்று. ஒரு நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தவள் குழந்தைக்கு ஒரு பொதி பால்மா வாங்கினால், அன்றைய கூலியில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். அவள் சிறிய பக்கற்றை வாங்குவது அறியாமையாலா, ஒழுங்கீனத்தாலா? 2024இல் அச்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் விலைவாசி அதற்கு முன்பே மலையேறிவிட்டது. அவள் பறிக்கும் தேயிலைக்கோ பொதியின் செல்வம் குறைவில்லை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிடத் தொடங்கிய அத்தேயிலை, இன்று ஒரு கோப்பைக்கு ஒரு பையாய், பைக்கு ஒரு நூலாய், நூலுக்கு ஓர் அட்டையாய், சில வேளைகளிற் பைக்கு ஒரு தனியுறையாய்க் கப்பலேறுகிறது. இதற்குப் பெறுமதி கூட்டல் என்று பெயர். கூட்டப்பட்ட பெறுமதியில் எவ்வளவு லயனுக்குத் திரும்புகிறது என்பதை அவளுடைய பக்கற்றின் அளவே சொல்லும்.

விலையின் கணக்கையும் பார்க்க வேண்டும். எல்லாச் சிறு பொதியும் பெரும் பொதியிலும் விலை கூடியதே என்று பொதுப்படக் கூறுவது தவறு. சில பண்டங்களிற் சிறு பொதி மலிவாகவே விற்கப்படுகிறது. அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதே நம் வினா. பக்கற்றின் தோலைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பொலித்தீன், நடுவில் அலுமினியத் தாள் அல்லது உலோகப் பூச்சு, வெளியே அச்சிட்ட வேறொரு பிளாத்திக்கு, இடையிடையே பசை என்று பல அடுக்குகள் இருக்கின்றன. ஈரமும் காற்றும் புகாதபடி காக்கும் இந்த அடுக்குகளைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது இலாபகரமான தொழிலன்று. தண்ணீர்ப் போத்தலையும் கடதாசியையும் இரும்பையும் பழைய சாமான் வாங்குபவர் நிறுத்து வாங்குவார். உறையொன்று ஒரு கிராம் என்று கொண்டால், ஒரு கிலோ சேர ஆயிரம் உறை வேண்டும். அந்த ஒரு கிலோவையும் வாங்குவார் இல்லை. எனவே பக்கற்றின் விலையில் அதன் பிற்கால வாழ்வுக்கென்று ஒரு சதமும் சேரவில்லை. அச்செலவை நகரசபையும், ஆறும், துப்புரவுத் தொழிலாளியின் முதுகும் தாங்குகின்றன. மலிவின் இரகசியம் இதுவே.

இனிச் சட்டத்தின் வாசகத்துக்கு வருவோம். நமது நாட்டில் இத்துறையிற் சட்டம் இல்லாமல் இல்லை. 2017 செப்ரெம்பர் முதல் உணவு சுற்றும் லஞ்ச் ஷீட்டும், ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2021 ஜனவரியில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சஷேக்களை அவ்வாண்டு மார்ச் 31ஆம் திகதி முதல் தடை செய்தது. சஷேயைப் பெயர் சொல்லித் தடுத்தது துணிவான செயலென்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தோடு ஒரு விலக்கும் ஒட்டிக்கொண்டது: உணவும் மருந்தும் பொதி செய்வது தவிர. மருந்துக்கு விலக்கு நியாயமானது. உணவு? லயன் கடையில் சரஞ்சரமாய்த் தொங்கும் பக்கற்றுகளில் உணவும் பானமும் எவ்வளவு, ஷாம்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இந்த விலக்கின் அகலம் புரியும். வாசற்கதவைச் சாத்திவிட்டுப் பக்கச் சுவரைத் திறந்து வைத்தது போன்றது இது.

2023 ஒக்டோபர் முதல் வேறு சில பொருள்கள் தடைப்பட்டன. உறிஞ்சு குழாய், கலக்கும் குச்சி, கரண்டி, முட்கரண்டி, பிளாத்திக்கு மாலை, இடியப்பத் தட்டு ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. சூடான ஆவியிற் பிளாத்திக்கு வேகுவது உடல்நலத்துக்குக் கேடு என்று இடியப்பத் தட்டைத் தடுத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆயினும் குப்பை என்ற அளவுகோலால் மட்டும் நோக்கும்போது ஒரு விந்தை தோன்றுகிறது. ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்காகப் புழங்கும் தட்டு சட்டத்தின் கையில் அகப்பட்டது. ஒரு நிமிடம் மட்டும் வாழும் உணவுச் சஷே தப்பிக்கொண்டது. தட்டைச் செய்பவர் சிறு உற்பத்தியாளர். சஷேயைச் செய்பவர் பெருமுதலாளி. இதைத் தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

தற்செயல் அன்று என்று எண்ணுவதற்கு ஆதாரம் இருக்கிறது. ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 2022 ஜூனில் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரையொன்று, யூனிலீவர் நிறுவனம் இலங்கையிலும் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சஷேத் தடைகளுக்கு எதிராக அரசாங்கங்களிடம் செயற்பட்டது என்று கூறியது. அதே நிறுவனம், தன் பிளாத்திக்குப் பொதிகள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுக்குள் மீளப் பயன்படுத்தவோ மறுசுழற்சி செய்யவோ மக்கச் செய்யவோ தக்கனவாக மாற்றுவதாக 2017இல் உலகறிய வாக்களித்திருந்தது. 2024இல் அவ்வாக்குத் தளர்த்தப்பட்டது. சஷே போன்ற நெகிழ்பொதிகளுக்குரிய தவணை 2035 ஆயிற்று. இந்தியாவிலும் இதே நாடகம் சொற்களால் நடந்தது. மறுசுழற்சிக்கு உதவாத பல்லடுக்குப் பிளாத்திக்கை இரண்டாண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்று 2016இன் விதிகள் கூறின. 2018இல் வந்த திருத்தம், எரித்துச் சக்தி பெறவும் முடியாத, வேறெவ்வகையிலும் பயன்படாத பொருளுக்கே அக்கட்டளை பொருந்தும்படி வாசகத்தை மாற்றியது. எரியாத பிளாத்திக்கு எங்கே உண்டு? நாலு சொற்கள் சேர்ந்ததும் விதி வெறும் உமியாயிற்று.

வீசுபவரே குற்றவாளி என்னும் வாக்கியத்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிதல் நலம். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலம் 1953இல், மறுபடி நிரப்ப முடியாத போத்தல்களிற் பியர் விற்பதைத் தடை செய்தது. அதே ஆண்டில், தகரப் பேணி செய்யும் கம்பெனியும் கண்ணாடிப் போத்தல் செய்யும் கம்பெனியும் முன்னின்று, அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம் என்ற பெயரில் ஓர் அமைப்பை உண்டாக்கின. குப்பை போடும் தனிமனிதனின் கெட்ட பழக்கத்தைத் திருத்துவதே அதன் பிரசாரம். 1971இல் அது வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், வீசப்பட்ட குப்பையைக் கண்டு செவ்விந்தியர் ஒருவர் கண்ணீர் சிந்தினார். அவ்வேடம் பூண்ட நடிகர் இத்தாலிய வமிசத்தவர். கண்ணீரைப் போலவே பழியும் இடம் மாற்றப்பட்டது. வெர்மொன்டின் சட்டம் நாலாண்டுகளிற் காலாவதியாயிற்று. அப்பிரசாரமோ உலகைச் சுற்றி வந்து, கண்டிப் பாடசாலைக் கட்டுரையின் நடுவே அமர்ந்துகொண்டது.

பழி இடம் மாறும்போது வேலையும் இடம் மாறுகிறது. இக்குப்பையை அள்ளுபவர் யார்? கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளரிற் பலர் மகியாவ குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பிரித்தானியர் ஆட்சியில் நகரத்தைத் துப்புரவு செய்வதற்கென்றே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சாதியின் பெயரால் ஒரு தொழிலை அவர்கள் தலையில் வைத்த சமுதாயம், தலைமுறைகள் கடந்தும் அதை முற்றாக இறக்கி வைக்கவில்லை. முன்பு அவர்கள் அள்ளியது மக்கும் குப்பை. இன்று அள்ளுவது மக்காத குப்பையும் சேர்த்து. கம்பெனியின் விற்பனை பெருகினால் அவர்கள் சுமை பெருகும். சம்பளம் அதோடு பெருகுவதில்லை.

தோட்டத்திலோ அள்ளுபவரே இலர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குள் தாராளமாகச் செலவிட இடந்தராது நின்றது. 2018இற்றான் அது திருத்தப்பட்டது. வாக்குரிமை பெற்ற பின்னும், பாதையும் விளக்கும் குப்பை வண்டியும் மலையக மக்களின் வாசலுக்கு வர மறுத்த கதையின் ஓர் அத்தியாயம் இது. சட்டம் திருந்திய உடனே வண்டி வந்துவிடவும் இல்லை. இந்நிலையில் லயன் வாசி என்ன செய்வார்? கானிற் போடலாம், அடுப்பில் எரிக்கலாம். இரண்டும் குற்றம் என்று சுவரொட்டி சொல்கிறது. மூன்றாவது வழியை எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை.

நகரிற் சேர்ந்த குப்பை கட்டுகஸ்தோட்டைக்கு அருகே, மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொட மேட்டிற் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. மழைக்காலத்தில் அம்மேட்டின் கழிவுநீர் ஆற்றை நாடுகிறது. அதே ஆறு சற்றுக் கீழே, 1976இற் கட்டிமுடிந்த பொல்கொல்ல அணையில் மறிக்கப்பட்டு, சுரங்க வழியே வடக்கிலுள்ள உலர் வலயத்து வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. கண்டியின் பக்கற் கண்டியோடு முடிவதில்லை. குப்பை மேடு என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் கண்டோம். மேடு சரிந்து 32 உயிர்கள் புதையுண்டன. புதையுண்டவர்கள் அம்மேட்டின் அடியிற் குடியிருந்த எளிய மக்கள்.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை நடைபெற்ற தலதா தரிசனத்தின்போது, நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் மக்கள் கண்டியில் வந்து குவிந்தனர். பல மணி நேரம், சிலர் ஒரு நாளுக்கும் மேலாக, வரிசையில் நின்றனர். நகரத்து மக்கள் இன, மத பேதமின்றி உணவளித்தனர். பள்ளிவாசல்களும் கதவைத் திறந்தன. நினைத்து மகிழத்தக்க காட்சி அது. வீதிகளிற் போத்தல்களும் உறைகளும் குவிந்ததும், யாத்திரிகரின் ஒழுங்கின்மையைப் பற்றிய பேச்சு உடனே எழுந்தது. வெயிலில் வரிசை நிற்பவனுக்குத் தண்ணீர் வேண்டும். வீதியோரத்திற் குழாய் இல்லை, போத்தல்தான் இருந்தது. அவன் அதைக் குடித்தான். வழிப்போக்கர்க்கென மண்பானையில் நீர் வைக்கும் பின்தாலிய சிங்கள மக்களின் மரபு. தண்ணீர்ப் பந்தல் தமிழ் மக்களின் மரபு. இரு மக்களும் தண்ணீரை விற்கக் கூசிய காலம் உண்டு. அம்மரபை மாநகர சபையின் குடிநீர்க் குழாயாக இன்று புதுப்பிப்பது முடியாத செயலன்று. புதுப்பிக்காது விட்டுவிட்டு யாத்திரிகனைத் திட்டுவது எளிது.

பழக்கமே எல்லாவற்றுக்கும் காரணம் என்போர்க்கு நீலகிரி ஒரு பதில் தருகிறது. அதுவும் நம்மைப் போன்ற மலைநாடு, அங்கும் தேயிலை, அங்கும் உழைக்கும் தமிழ் மக்கள், அவருட் பலர் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். காடுகளில் வீசப்பட்ட மதுப் போத்தல்கள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் முதல் அரசு மதுக்கடைகள் போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பித் தந்தவர்க்கு அத்தொகையை மீளக் கொடுத்தன. போத்தல்கள் திரும்பி வந்தன. குடித்தவர்கள் அதே மனிதர்கள். மலையும் அதே மலை. மாறியது விற்பவரின் கடமை ஒன்றே. பின்னர் இம்முறை தமிழகத்தின் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. நம் நாட்டிலும் சோடாப் போத்தலுக்கு முற்பணம் கட்டி, வெறும் போத்தலைக் கொடுத்து அதை மீட்ட முறையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்முறையைக் கைவிட்டவர் மக்களா? திரும்பி வரும் போத்தலைக் கழுவும் செலவிலும், திரும்பி வராத போத்தலைக் கைகழுவும் செலவு குறைவு என்று கண்ட கம்பெனிகளே கைவிட்டன.

சஷேயை இன்றே தடுத்தால் ஏழைதானே பாதிக்கப்படுவாள் என்ற ஆட்சேபம் எழும். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறிய அளவை ஒழிக்கச் சொல்வது நமது கோரிக்கை அன்று. நாட்கூலி உள்ள வரை சிறிய அளவு வேண்டும். அவ்வளவை மாற்று வழியில் தருவது அரசினதும் உற்பத்தியாளரினதும் கடமை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் தோட்டக் கடைகளிலும், மூடிய சுத்தமான கலங்களிலிருந்து பால்மாவும் தேயிலைத் தூளும் எண்ணெயும் சரியான நிறுவையில் வழங்கலாம். வீட்டுப் பாத்திரம் வெட்கத்துக்குரியது என்ற எண்ணம் போக வேண்டும். மாற்று கைக்கு வந்த பின், உணவுக்குரிய அந்த விலக்குத் தவணை குறித்து நீங்க வேண்டும். அதுவரை, விற்கும் ஒவ்வொரு பக்கற்றுக்கும் அதை அள்ளும் செலவை உற்பத்தியாளரே கட்ட வேண்டும். ஜெர்மனி 1991இலேயே பொதிக்குரிய பொறுப்பை அதை விற்றவர் தலையில் வைத்தது. அந்நாட்டுத் தொழில்கள் அதனால் அழிந்துவிடவில்லை. அப்பணம் மகியாவ தொழிலாளியின் சம்பளத்துக்கும் கையுறைக்கும், லயன் வாசலுக்கு வரும் வண்டிக்கும் போய்ச் சேர வேண்டும். விளம்பரப் பலகைக்குப் போகலாகாது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, ஒரு வாரத்துப் பொருளை ஒருமிக்க வாங்கக்கூடிய சம்பளம் கொழுந்து பறிப்பவளுக்குக் கிடைக்க வேண்டும். சம்பளப் போராட்டமும் சுற்றாடற் போராட்டமும் இரண்டு போராட்டங்கள் அல்ல.

ஆசிரிய, மாணவ நண்பர்களுக்கு நாம் ஒரு வேலையை முன்மொழிகிறோம். சிரமதானம் என்று மெத எலயின் கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் பாடசாலைகள், அள்ளியதை மூட்டை கட்டிக் கொஹாகொடவுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் செலவிடட்டும். ஒவ்வோர் உறையிலும் உற்பத்தியாளரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. பெயர்வாரியாகப் பிரித்து எண்ணுக. எந்தக் கம்பெனியின் உறை எத்தனை, அவற்றில் உணவு எத்தனை, 20 கிராமுக்கு உட்பட்டவை எத்தனை என்று சிங்களத்திலும் தமிழிலும் பட்டியல் எழுதுக. உலகின் பல நாடுகளில் 2018 முதல் தொண்டர்கள் இவ்வாறு எண்ணிப் பட்டியல் வெளியிட்டு வருகின்றனர். நம் பிள்ளைகளால் முடியாதது அன்று. அப்பட்டியலின் ஒரு பிரதி மாநகர சபைக்கும், ஒரு பிரதி சுற்றாடல் அமைச்சுக்கும், ஒரு பிரதி அக்கம்பெனிகளுக்கும் போகட்டும். பதில் வரும்வரை மாதந்தோறும் போகட்டும்.